லென்ஸ் வடிவ கேலக்ஸியில் சுருள் கைகள் ஏன் இல்லை?

லென்ஸ் வடிவ கேலக்ஸியில் தட்டு இருக்கிறது, நடுவில் வீக்கமும் இருக்கிறது. பிறகு ஏன் இதைச் சுருள் கேலக்ஸி என்று சொல்வதில்லை என்பதுதானே கேள்வி? கைகள் இல்லை, அவ்வளவுதான். காரணம், புது விண்மீன்கள் பிறக்கத் தேவையான குளிர்ந்த வாயு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பவை அநேகமாக வயதான, மஞ்சளும் சிவப்புமான விண்மீன்கள்.

டிராகோ விண்மீன் குழுவின் பக்கம், ஏறத்தாழ 5 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 5866 என்ற லென்ஸ் வடிவ கேலக்ஸியை ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படத்தில் பாருங்கள். பக்கவாட்டில் தெரிவதால் உள்ளமைப்பு நன்றாகப் புரியும்: சிவந்த நடுவீக்கம், அதைக் குறுக்கே வெட்டும் மெல்லிய கறுப்புத் தூசிப் பட்டை, நீலம் கலந்த தட்டு, சுற்றிலும் மங்கலான ஒளிப்படலம். தூசிப் பட்டை தட்டோடு ஒட்டாமல் லேசாக வளைந்திருக்கும். எப்போதோ ஈர்ப்பு விசையால் அலைக்கழிக்கப்பட்டிருக்கலாம்.

இதே மாதிரி கேலக்ஸி நமக்கு நேர்முகமாகத் திரும்பியிருந்தால், நீள்வட்ட வகையோடு குழப்பிக்கொள்வது ரொம்பச் சுலபம்.