வத்தனாவும் உங்கள் மகனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025-இல் ஜாவோ ஷின்டாங் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றபோது, ஆசியர்களுக்கு வழி திறந்தவர் தாய்லாந்தின் ஜேம்ஸ் வத்தனா என்று எழுதினீர்கள். வத்தனா உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கே போனதில்லை. அவரை எப்படி முன்னோடி என்பது? ஸ்னூக்கர் விதிகள் நம் ஊட்டி கிளப்பில் எழுதப்பட்டும் நம்மில் ஒரு வத்தனா வரவில்லையே என்ற வருத்தமும் உண்டு. (என் மகனும் கல்லூரி விட்டதும் ஸ்னூக்கர் கிளப்பே கதி என்று கிடந்தான். போன மாதம் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டேன்.)

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

ஊட்டிப் பெருமையை விடுங்கள். அது ஆங்கிலேய அதிகாரிகளின் கிளப். அவர்கள் எழுதிய விதியில் நமக்கு என்ன பங்கு? அதை நினைவு வைத்திருக்கும் நீங்கள் நம் நாட்டு ஆட்டக்காரர் பங்கஜ் அத்வானியின் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. 2012-இல் தொழில்முறைச் சுற்றுக்குப் போய், அடுத்த ஆண்டே வெல்ஷ் ஓப்பன் காலிறுதி வரை வந்தவர் அவர்.

வத்தனா விஷயம். 1992-இல் ஸ்ட்ராச்சன் ஓப்பன். தரவரிசைப் போட்டி ஒன்றை, அதாவது உலகத் தரவரிசைக்குக் கணக்கில் வரும் தொழில்முறைப் போட்டி ஒன்றை, ஆசியர் ஒருவர் வென்றது அதுதான் முதல்முறை. 1994, 1995 இரண்டு ஆண்டும் தாய்லாந்து ஓப்பன். இறுதியில் அவரிடம் தோற்றவர்கள் ஸ்டீவ் டேவிஸ், ரானி ஓ'சல்லிவன். உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம். உலகப் போட்டியில் 1993-லும் 1997-லும் அரையிறுதி. இரண்டாம் முறை அவரை வீழ்த்திய ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹென்ட்ரி, தொண்ணூறுகளில் மட்டும் ஏழு முறை உலகப் பட்டம் வாங்கியவர். இதற்கு மேலும் கோப்பைக் கணக்கு கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

1991-இல் பர்மிங்காமில் ஒரு போட்டி. பாங்காக்கில் அவருடைய அப்பா சுடப்பட்டிருந்தார். அந்தச் செய்தி மகனுக்குத் தெரியாது. மேஜைக்குப் போனவர் பதினைந்து ரெட் (சிவப்புப் பந்து), ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பிளாக் (கறுப்புப் பந்து), கடைசியில் ஆறு வண்ணப் பந்துகள் என்று ஒன்றுவிடாமல் உள்ளே போட்டு, ஸ்னூக்கரின் உச்ச எண்ணிக்கையான 147 எடுத்தார். வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் வாழ்ந்துதான் அந்த ஆட்டத்தை ஆட வேண்டியிருந்தது. இதை எந்தத் தரவரிசைப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

ஆனால் நான் சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தது வத்தனாவின் அம்மாவைப் பற்றி. பாங்காக்கில் அவர் ஸ்னூக்கர் கிளப் நடத்தினார். பையன் அந்த மேஜைகளுக்கு நடுவே வளர்ந்தான். பதினாறு வயதில், 1986-இல், சொந்த ஊரில் நடந்த ஒரே போட்டியில் டேவிஸ், டென்னிஸ் டெய்லர், டெர்ரி கிரிஃபித்ஸ் என்று மூன்று உலகச் சாம்பியன்களைத் தோற்கடித்தான். பதினெட்டில் உலக அமெச்சூர் பட்டம். பன்னிரண்டடி நீள மேஜை, அடியில் கனத்த கற்பலகை. எந்த நடுத்தர வீட்டிலும் அது நுழையாது. ஆடக் கற்க வேண்டுமென்றால் கிளப்புக்குத்தான் போயாக வேண்டும். கிளப்புக்குப் போவதே கெட்ட பழக்கம் என்று ஊர் முடிவுகட்டிவிட்டால் ஆட்டக்காரன் எங்கிருந்து வருவான்? வத்தனா வரவில்லையே என்று வருந்துகிற அதே கடிதத்தில், மகனை நிறுத்தியதை அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரியும் சேர்த்துப் படிக்கப்பட வேண்டியவை, ஐயா.

எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு கிளப் இருந்தது. என் அண்ணன் அங்கே நன்றாக ஆடுவான். வெள்ளைப் பந்தை அடுத்த அடிக்குத் தோதான இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதில் கெட்டிக்காரன். ஒருநாள் அப்பா படியேறிப் போய் எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்து இழுத்து வந்தார். அண்ணன் பிறகு கியூ கோலைத் தொடவே இல்லை. நல்ல வேலையில் இருக்கிறான், பிள்ளைகள் இருக்கிறார்கள். டிவியில் ஸ்னூக்கர் வந்தால் மட்டும் சேனலை மாற்றிவிடுவான். அப்பா எங்களுக்காகத் தேய்ந்தவர். அந்த ஓர் அறையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. சிகரெட், சூதாட்டம், படிப்பு கெடுவது எல்லாமே உண்மையான பயங்கள். அவன் ஆடுகிற இடத்தை நீங்கள் நேரில் பார்த்தீர்களா? பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. இந்த ஞாயிறு அவனோடு போங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்த ரெட்டை எதற்காக விடுகிறான் என்று அவனிடமே கேளுங்கள். இடம் சரியில்லையென்றால் வேறு கிளப் தேடிக் கொடுங்கள். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.