இருக்கிற மாடலை எடுத்து ஓட்டிப் பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சியா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: "புதிதாக ஒரு அல்காரிதமும் கண்டுபிடிக்காமல், ஏற்கெனவே இருக்கும் மெஷின் லேர்னிங் மாடலை ஒரு துறையின் தரவில் ஓட்டிப் பார்த்து முனைவர் பட்டம் வாங்கினால் அதை ஆராய்ச்சி என்று சொல்ல முடியுமா? உடன் படிப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள்."

இந்தக் கிண்டலை ஐந்து வருடம் கேட்டவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும். கொஞ்சம் சூடாகவும் இருக்கலாம்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். நீங்கள் கணினித் துறை இல்லை. மெக்கானிக்கல், சிவில், மருத்துவம், வேளாண்மை என்று ஏதோ ஒன்று. "இப்போ ஏஐதான் போகுது, அதுல ஏதாவது பண்ணுங்க" என்று உங்கள் கைடு சொல்லியிருப்பார். இணையத்தில் ஒரு தரவுத் தொகுப்பு கிடைத்திருக்கும். அதன் மேல் ஒரு சிஎன்என் (தரவிலுள்ள வடிவங்களைத் தானாகக் கற்கும் ஒரு வகை நரம்பு வலை மாடல்) போட்டிருப்பீர்கள். 97, 98 என்று துல்லியம் வந்திருக்கும். இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு உறுத்தல். தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும். என் கதை இப்படித்தான் ஆரம்பித்தது.

என் வேலை பேரிங் பழுதைக் கண்டுபிடிப்பது. மோட்டாரோ பம்போ, சுழலும் தண்டைத் தாங்குவது பேரிங். அதன் வளையத்தில் சின்னதாக ஒரு குழி விழுந்தால், உருளும் குண்டு அதைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு விழும். அந்த அதிர்வை சென்சார் வைத்துப் பதிவு செய்து, பழுது உள்வளையத்திலா, வெளிவளையத்திலா, குண்டிலா என்று கணினியைச் சொல்ல வைக்க வேண்டும். இந்தத் துறைக்குள் வருகிற எல்லாரும் முதலில் தொடுவது கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் வெளியிட்ட தரவு. 2 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று. மின்பொறியால் அரித்து வேண்டுமென்றே உண்டாக்கிய 0.007, 0.014, 0.021 அங்குலக் குழிகள். சுமை 0 முதல் 3 குதிரைத்திறன் வரை. அந்தத் தரவை வைத்து வந்த பேப்பர்களை எண்ணி முடியாது.

நானும் இறக்கினேன். ஒவ்வொரு பதிவையும் 2,048 புள்ளிகள் கொண்ட துண்டுகளாக வெட்டினேன். எல்லாத் துண்டுகளையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தேன். 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு. 99.6 வந்தது. கைடு என் முதுகில் தட்டினார். அடுத்த வாரமே ஒரு மாநாட்டுக்கு அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம்தான் வினை. நிஜ இயந்திரத்தில் செய்து காட்டினால் நன்றாக இருக்கும் என்று கைடுக்குத் தோன்றியது. அவருக்குத் தெரிந்த ஒரு ஆலைக்குப் போனோம். ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்பில் காந்த அடி வைத்த சென்சாரை ஒட்டினேன், லேப்டாப்பைத் திறந்தேன். "உள்வளையத்தில் பழுது" என்றது மாடல். இன்னொரு முறை பதிவு செய்தேன். அதே பதில். மூன்றாம் முறையும் அதேதான், அதுவும் கொஞ்சமும் தயக்கமில்லாத நிகழ்தகவோடு.

அங்கே மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெறும் வயது இருக்கும். பையிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையை பேரிங் ஹவுசிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதெலும்போடு அழுத்திக்கொண்டு அரை நிமிடம் கேட்டார். "பேரிங் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். நான் விடவில்லை. 99.6 பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். "அது சரி தம்பி, பெயின்ட் மேல ஒட்டியிருக்கீங்களே, உங்க பெட்டிக்கு என்ன கேக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

சில வாரம் கழித்து வேறு வேலைக்காக அந்த பம்பைப் பிரித்தார்கள். போய்ப் பார்த்தேன். அவர் பேரிங்கைத் துடைத்து என் கையில் கொடுத்தார். சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் ஓடியது. ஒரு கீறல் இல்லை.

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. பெயின்ட் விஷயம் உடனே புரிந்தது. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவில் பெயின்ட் படலம் இருந்தால் உயர் அதிர்வெண்கள் சரியாக ஏறாது, பேரிங் பழுதின் முதல் அடையாளம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பாடத்தில் படித்ததுதான், கை மறந்துவிட்டது. பெரிய தப்பு என் மேசையிலேயே இருந்தது. ஒரு பதிவில் சுமார் 1,20,000 புள்ளிகள், அதாவது 58 துண்டுகள். கலைத்துப் பிரித்ததில் ஒரே பதிவின் துண்டுகள் பயிற்சியிலும் போயின, சோதனையிலும் போயின. நாளைக்கு வரப்போகும் கேள்வித்தாளை இன்று வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டு, பையன் நூற்றுக்கு நூறு வாங்கினான் என்று ஊரெல்லாம் சொன்ன கதை.

சரி, சுமைவாரியாகப் பிரிக்கலாம் என்று பார்த்தேன். 0, 1, 2 குதிரைத்திறன் பதிவுகளில் பழக்கி, 3-இல் சோதித்தேன். அப்போதும் 97க்கு மேல்! ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது: நான்கு சுமையிலும் ஓடியது அதே பேரிங், அதே குழி. மாடல் பழுதைக் கற்கவில்லை. அந்தக் குறிப்பிட்ட பேரிங்கின் குரலை மனப்பாடம் செய்திருந்தது. சின்னக் குழிகளில் பழக்கி, அது பார்த்தே இராத 0.021 அங்குலக் குழியில் சோதித்தபோது துல்லியம் அறுபதுகளுக்கு விழுந்தது. கைடிடம் காட்டினேன். "இந்த நம்பரை வெச்சுக்கிட்டு எங்க பேப்பர் போடறது?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் வருடத்துக்கு இத்தனை பேப்பர் என்று கணக்கு இருந்தது.

ஸ்மித், ராண்டல் என்ற இருவர் 2015-இலேயே இந்தத் தரவின் பதிவுகளைப் பழைய அதிர்வுப் பகுப்பாய்வு முறைகளால் ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். சிலவற்றில் பழுது பளிச்சென்று தெரிகிறது. சிலவற்றில் அந்தப் பழுதுக்கு உரிய அடையாளம் அகப்படவே இல்லை. அனுபவசாலிகளுக்கே அகப்படாத பதிவிலும் என் மாடல் அனாயாசமாகச் சரியான விடை சொன்னது என்றால், அது எதைப் பார்த்துச் சொன்னது? முதல் வாரம் படித்திருக்க வேண்டியதை மூன்றாம் வருடம் படித்தேன்.

மீட்சி எங்கிருந்து வந்தது என்றால், அந்த ஸ்க்ரூடிரைவரிலிருந்து. அந்தப் பெரியவர் சத்தத்தின் நிறத்தைக் கேட்கவில்லை, தாளத்தைக் கேட்டார். கேஸ் வெஸ்டர்ன் மோட்டாரில் இருந்தது 6205 வகை பேரிங். தண்டு ஒரு சுற்று சுற்றும்போது வெளிவளையக் குழியில் சராசரியாக 3.585 தட்டு விழ வேண்டும், உள்வளையம் என்றால் 5.415. குண்டின் அளவும் எண்ணிக்கையும் தெரிந்தால் காகிதத்திலேயே போட்டுவிடலாம். நிமிடத்துக்கு 1,797 சுற்று என்றால் வெளிவளையத் தட்டு விநாடிக்குச் சுமார் 107. வேறு பேரிங் என்றால் வேறு எண். என் மாடலோ தாளத்தை விட்டுவிட்டு, அந்த ஒரு மோட்டாரின் உடம்பு எப்படி அதிர்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிர்வின் மேலுறையை, அதாவது அதன் வீச்சு ஏறி இறங்கும் தாளத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதிர்வெண் அச்சைத் தண்டு வேகத்தாலும் அந்தந்த பேரிங்கின் தட்டு எண்ணாலும் வகுத்து, அதன் பிறகு மாடலுக்குக் கொடுத்தேன். மாடல் அதே பழைய சிஎன்என். ஒரு அடுக்கைக்கூட மாற்றவில்லை.

இந்த முறை சோதனைக்கு ஜெர்மனியின் பாடர்போர்ன் பல்கலைக்கழகத் தரவை எடுத்தேன். அதில் செயற்கையாகக் கெடுத்த பேரிங் 12, ஆயுள் சோதனையில் ஓடித் தானாகக் கெட்டவை 14, நல்லவை 6. செயற்கையில் பழக்கி, தானாகக் கெட்டவற்றில் சோதித்தேன். நல்லவற்றையும் பேரிங்வாரியாகவே பிரித்தேன். 81 வந்தது. பழைய 99.6-ஐவிட இந்த 81-ஐத்தான் நான் கௌரவமாக நினைக்கிறேன். அதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினோம். ஒரு ரிவ்யூவர் எழுதியது: "ஏற்கெனவே 99 சதவீதத்துக்கு மேல் அடைந்துவிட்ட துறையில் 81 சதவீதம் என்பது பின்னடைவு. மாடலிலும் புதுமை இல்லை." தலையில் அடித்துக்கொண்டேன். ரிவ்யூ என்பதே பாதி குலுக்கல்தான் என்று அப்போது ஆறுதல் சொல்லிக்கொண்டேன். 2014-இல் நியூரிப்ஸ் என்ற பெரிய மெஷின் லேர்னிங் மாநாடு 166 பேப்பர்களை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, 43 பேப்பர்களில் ஒரு குழு சரி என்றது, மற்றது வேண்டாம் என்றது. அவர்களுக்கே அந்த நிலை.

என் ஒருவனுடைய அசட்டுத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். 2018-இல் வந்த ஓர் ஆய்வில், மூன்று மருத்துவமனை அமைப்புகளின் மார்பு எக்ஸ்ரேக்களை வைத்து நிமோனியா கண்டுபிடிக்கும் மாடலைச் சோதித்தார்கள். படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதை நெட்வொர்க் கிட்டத்தட்டப் பிழையே இல்லாமல் சொன்னது. ஒரு இடத்தில் மூன்றில் ஒரு படம் நிமோனியா, மற்ற இரண்டு இடங்களிலும் நூற்றுக்கு ஒன்று கணக்கு. பிறகென்ன, இடத்தைக் கண்டுபிடித்தாலே பாதி மார்க் கிடைத்துவிடும். கொரோனா சமயத்தில் இன்னும் மோசம். 2020-இல் வந்த 2,212 ஆய்வுகளைத் திரட்டி, சலித்து, 62-ஐ ஆழமாகப் பார்த்த குழு ஒன்று, மருத்துவமனையில் பயன்படுத்தத் தக்கது ஒன்றுகூட இல்லை என்று 2021-இல் எழுதியது. சிலவற்றில் கொரோனா இல்லாதவர்களின் படங்களாகப் போட்டிருந்தவை ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரேக்கள். பெரியவரா குழந்தையா என்று பார்க்கக் கற்றால் போதும், கொரோனா கண்டுபிடித்த பெயர் கிடைத்துவிடும். 2023-இல் கபூர், நாராயணன் என்ற இரு ஆய்வாளர்கள் 17 துறைகளில் இப்படித் தரவு கசிந்த 294 பேப்பர்களைக் காட்டினார்கள். இத்தனையிலும் மாடல்கள் நல்ல மாடல்கள்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓட்டிப் பார்த்து எண்ணை எழுதுவது ஆராய்ச்சி இல்லை, உங்கள் நண்பர்கள் சிரிப்பதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. அந்த எண் எதனால் வந்தது, எங்கே போனால் உடையும், துறையின் எந்த அறிவைச் சேர்த்தால் நிற்கும் என்று தேடுவது முழு ஆராய்ச்சி. அதற்குப் புது அல்காரிதம் தேவைப்படலாம், படாமலும் போகலாம். புது மாடல் கட்டுபவர்கள் என்மேல் பாய வேண்டாம். அவர்கள் கட்டியதால்தான் நான் ஓட்டினேன், தெரியும். எல்லாத் துறையிலும் என் அனுபவம்தான் நடக்கும் என்றும் சொல்லவில்லை. 99 வந்த எல்லாமே பொய் என்றும் சொல்லவில்லை. எளிய பிரச்சினைக்கு 99 வரத்தான் செய்யும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. பிறகு அச்சான அந்த 81 சதவீதப் பேப்பரில் ஃபிட்டர் பெரியவரின் பெயரை ஆசிரியர்களில் ஒருவராகப் போட வேண்டும் என்று கேட்டேன். முக்கியமான யோசனையே அவருடையது. பின்னால் எடுத்த பதிவுகளில் எது நல்ல பேரிங், எது கெட்டது என்று குறித்துக் கொடுத்ததும் அவர்தான், அத்தனையும் தன் வேலை நேரம் முடிந்த பிறகு. "டிகிரி இல்லாதவர் பெயரைப் போட்டால் கேள்வி வரும்" என்றார்கள். நன்றியுரையில் ஒரு வரி என்று சமாதானமானோம். கடைசித் திருத்தத்தில் பக்கம் கூடுகிறது என்று அந்த வரியும் போனது. ஆலைப் பக்கமே வராத, எக்ஸெல் கோப்பைக்கூடத் திறந்து பார்க்காத ஒருவர் பெயர் மூன்றாவதாக அச்சில் இருக்கிறது. நான் அப்போது கத்தியிருக்க வேண்டும். பட்டம் கையில் வராத நேரம், வாயை மூடிக்கொண்டேன். அச்சான பிரதியைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

உங்கள் தரவு எங்கிருந்து வருகிறது என்று கேள்வியில் இல்லை. நோயாளிகள் என்றால் ஆள்வாரியாகப் பிரியுங்கள். இயந்திரம் என்றால் இயந்திரவாரியாக. காலத்தோடு நகரும் தரவு என்றால் பழைய மாதங்களில் பழக்கிப் புதிய மாதங்களில் சோதியுங்கள். இன்று ராத்திரியே ஓட்டிவிடலாம், மாடலைத் தொடவே வேண்டாம். எண் எவ்வளவு விழுந்தது என்று கீழே எழுதுங்கள், அதை வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.