"சும்மா ஒரு கையெழுத்து"ன்னு ஸ்டேஷன்ல கூப்பிட்டா போகணுமா?

திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அப்பா பேர்ல இருந்த பைக்கை போன வருஷம் வித்திருக்காங்க, ஆர்சில பேர் மாத்தல. இப்ப அந்த வண்டி ஒரு செயின் பறிப்பு கேஸ்ல மாட்டியிருக்கு. ஸ்டேஷன்ல இருந்து போன் பண்ணி "அப்பாவ கூட்டிட்டு வா, சும்மா விசாரணைதான், ஒரு கையெழுத்து போட்டுட்டு போயிடலாம்"னு சொல்றாங்களாம். அப்பாவுக்கு 63 வயசு, சுகர் வேற. போகலன்னா அரெஸ்ட் பண்ணிடுவாங்களான்னு பயப்படுறார்.

தம்பி, போனை ஆஃப் பண்ணிட்டு சொந்தக்காரங்க வீட்டுக்கு போயிடுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, தப்பே பண்ணாதவங்க மேல சந்தேகம் வர்றதே அப்படித்தான். அதுக்காக போன் வந்ததும் பதறிட்டு ஓடவும் வேண்டாம். "சார், ஒத்துழைக்கிறோம், எழுத்துல சம்மன் கொடுங்க"ன்னு மரியாதையா கேளுங்க. போலீஸ் விசாரணை, அரெஸ்ட் எல்லாம் எப்படி நடக்கணும்னு சொல்ற சட்டம் முன்னாடி சிஆர்பிசி, 2024 ஜூலை 1ல இருந்து அதுக்கு பதிலா பிஎன்எஸ்எஸ் நடைமுறைல இருக்கு, அதுல 179வது பிரிவுப்படி சாட்சியா கூப்பிடணும்னா எழுத்துல உத்தரவு வேணும், அதோட 60 வயசு தாண்டின ஆம்பளைங்க, எந்த வயசு பெண்களா இருந்தாலும் சரி, கடுமையா உடம்பு முடியாதவங்க, இவங்கள வீட்ல வச்சுதான் விசாரிக்கணும், ஸ்டேஷனுக்கு வான்னு கட்டாயப்படுத்த முடியாது. அப்பாவா விரும்பி போனா அது வேற.

வர்ற பேப்பர்ல எந்த பிரிவு போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. அதே சட்டத்தோட 35(3)னு இருந்தா விஷயம் வேற, அப்ப அப்பாவ சந்தேக நபரா பாக்குறாங்கன்னு அர்த்தம். அந்த நோட்டீஸ்ல சொன்ன தேதிக்கு கண்டிப்பா ஆஜராகணும், ஆஜராகிட்டே இருந்தா காரணத்தை எழுதி வைக்காம அரெஸ்ட் பண்ண முடியாது, போகாம விட்டா அதையே காரணமா வச்சு அரெஸ்ட் பண்ணலாம். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பினா செல்லாதுன்னு 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.

இப்ப அந்த கையெழுத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப கவலை இதுலதான். விசாரணைல நீங்க சொல்றத போலீஸ் எழுதிக்கலாம், ஆனா அதுல உங்க கையெழுத்து வாங்கக்கூடாது, பிஎன்எஸ்எஸ் 181வது பிரிவு தெளிவா சொல்லுது. நோட்டீஸ் கெடைச்சதுன்னு ஒரு கையெழுத்து போடலாம், தேதியும் நேரமும் சேர்த்து போடுங்க. வெத்து பேப்பர்ல மட்டும் எவ்ளோ மெரட்டினாலும் போடாதீங்க. போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலம் கோர்ட்ல செல்லாதேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, அது உண்மைதான், ஆனா அந்த வாக்குமூலத்த வச்சு போலீஸ் நகையோ வண்டியோ கண்டுபிடிச்சு எடுத்ததா காட்டினா அந்த பகுதி மட்டும் சாட்சியமா ஏறும், உங்க வெத்து பேப்பர் அப்படி என்னவா மாறும்னு யாருக்கு தெரியும்?

கேக்குற கேள்விக்கு பொய் சொல்லாதீங்க. உங்களயே குற்றத்துல மாட்டிவிடுற கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியதில்ல, அரசியலமைப்பு 20(3) குடுக்குற உரிமை அது. ஒருவேளை அரெஸ்ட்னு சொன்னா காரணம் கேளுங்க, வீட்டுக்கு தகவல் சொல்லச் சொல்லுங்க, வக்கீல பாக்கணும்னு கேளுங்க. 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டு போகணும், ஸ்டேஷன்ல அடிச்சிருந்தா அவர்கிட்ட கண்டிப்பா வாய திறந்து சொல்லணும், பயந்து முழுங்கிடாதீங்க. வக்கீல் வைக்க காசு இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி கிடைக்கும்.

அப்புறம் வண்டி வித்தப்ப எழுதின பேப்பர், வாங்கினவர் ஆதார் காப்பி, பணம் வந்த பேங்க் எண்ட்ரி எல்லாத்தையும் இன்னிக்கே தேடி எடுங்க, போலீஸ்கிட்ட ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, ஒரிஜினல் உங்க கைலயே இருக்கட்டும்.