முதல் நாளே ஓப்பா வேண்டாம்

கேள்வி: மேற்படிப்புக்காகத் தென்கொரியத் தலைநகர் சோல் போகிறேன். ஆய்வகத்தில் மூத்த மாணவர்களை எப்படிக் கூப்பிடுவது? கொரியத் தொடர்களில் வருவதுபோல் ஓப்பா, ஒன்னி எனலாமா? பெயரோடு 'ஸி' சேர்த்தால் மரியாதை என்கிறார்களே?
– ஒரு வாசகி

பதில்: 'ஸி' சமமானவர்களுக்கு, அல்லது அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்களுக்கு. மூத்தவரிடம் அது எடுபடாது. அதிலும் குடும்பப் பெயரை மட்டும் வைத்து 'கிம் ஸி' என்றால், எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

உங்களுக்கு வேண்டிய சொல் 'சொன்பேநிம்'. சொன்பே என்றால் நமக்கு முன்னால் சேர்ந்தவர்; 'நிம்' மரியாதை விகுதி. பேராசிரியர் 'கியோசுநிம்'. பெயர் சேர்க்காமலே அப்படிக் கூப்பிடலாம். சோலில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கிம்கள் ஏகப்பட்டவர்கள். எல்லோருக்கும் பதவியோடு ஒரு 'நிம்' போட்டே காலத்தை ஓட்டினேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஓப்பா என்பது பெண்கள் தங்களைவிட மூத்த ஆணை அழைப்பது. மூத்த பெண்ணென்றால் ஒன்னி. ஆண்கள் சொன்னால் ஹியோங், நூனா. எல்லாம் நெருங்கிப் பழகியபின் வருபவை. ஒன்னி சீக்கிரம் வந்துவிடும். ஓப்பாவுக்கு அவசரப்படாதீர்கள், ஆய்வகமே கிசுகிசுக்கும்!

விளிச்சொல் மட்டும் போதாது, வினைமுற்றும் அதோடு ஒத்துப்போக வேண்டும். 'சொன்பேநிம்' என்றுவிட்டு மரியாதை விகுதியில்லாத பேச்சான பன்மலில் பேசினால், 'ஐயா, இங்கே வா' என்பதுபோல் இருக்கும். வாக்கியத்தை 'யோ'வில் முடித்துப் பழகுங்கள். பன்மலுக்கு இறங்கலாமா என்பதைப் பெரியவர்தான் சொல்ல வேண்டும்.

இந்த அடுக்கு அவர்களுக்கே சில சமயம் இடைஞ்சல்தான். 2002 கால்பந்து உலகக் கோப்பைக்குக் கொரிய அணியைத் தயார்செய்த டச்சுப் பயிற்சியாளர் ஹிடிங்க், மைதானத்தில் ஹியோங் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். பந்தைக் கேட்கிற அவசரத்தில் மரியாதைக்கு எங்கே நேரம்? அந்த அணி அரையிறுதி வரை போனது. சிஜே என்ற கொரிய நிறுவனக் குழுமம் 2000-லேயே பதவிப் பெயர்களை விட்டு, எல்லோருக்கும் பெயரோடு 'நிம்' என்று மாற்றிவிட்டது. பல்கலைக்கழகங்களில் அந்தக் காற்று அவ்வளவாக வீசவில்லை.

உங்களுக்குப் பின் சேர்ந்தவர் வயதில் மூத்தவராக இருந்தால்? அங்கேதான் கொரியர்களே தடுமாறுவார்கள். 'ஒத்தொக்கே புல்லொ துரில்காயோ?', அதாவது 'உங்களை எப்படி அழைக்கட்டும்?' என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். அப்புறம், அகராதியில் 'நீங்கள்' என்று போட்டிருக்கும் 'தாங்ஷின்' பக்கமே போகாதீர்கள். கணவன் மனைவி பேச்சிலும் சண்டையிலும்தான் அதை அதிகம் கேட்பீர்கள்.