கண்ணுக்குள் பூச்சி பறப்பது போலத் தெரிவது ஏன்? மருந்து உண்டா?

வெள்ளைச் சுவரையோ வெயில் நேரத்து வானத்தையோ பார்த்தால் நூல் துண்டு, புள்ளி, சிலந்தி வலை மாதிரி ஏதோ மிதக்கும். உற்றுப் பார்க்கப் போனால் நழுவிவிடும். அது வெளியே இல்லை, கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

கண்ணின் உட்பகுதியை விட்ரியஸ் என்ற கூழ் நிரப்பியிருக்கிறது. பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் கொலாஜன் இழைகள். வயதாக ஆக அது நீர்த்து, இழைகள் திரண்டு, அவற்றின் நிழல் விழித்திரையில் விழுகிறது. 50 வயதுக்கு மேல் இந்தக் கூழ் விழித்திரையை விட்டு விலகுவது சகஜம். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும், கண்புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கும் முன்கூட்டியே வரலாம்.

பெரும்பாலும் சிகிச்சை வேண்டாம். சில மாதங்களில் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கரைப்பதாகச் சொல்லி விற்கும் சொட்டு மருந்துகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். ரொம்பத் தொந்தரவு என்றால் திரண்ட இழைகளை உடைக்கும் யாக் லேசர், அந்தக் கூழையே எடுத்துவிடும் விட்ரெக்டமி அறுவை உண்டு. ஆனால் விட்ரெக்டமிக்குப் பிறகு கண்புரை சீக்கிரம் வரும், அரிதாக விழித்திரையும் விலகலாம். வெறும் பூச்சிக்காக நான் அதற்குப் போகமாட்டேன்.

திடீரென்று நிறையப் புள்ளிகள், ஓரத்தில் மின்னல் வெட்டு, திரை இறங்குவது போன்ற கறுப்பு: இதில் எது வந்தாலும் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். விழித்திரை கிழிந்திருக்கலாம், விலகுவதற்குள் லேசரால் அடைத்துவிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு உள்ளே ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். பரிசோதிக்கக் கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் பார்வை மங்கும். பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.