ஒரே வரியை நாலு முறை படிக்கிறேன், மனதில் பதியவில்லை. ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு மாதமாக வேலையில் கடும் நெருக்கடி. ஓர் அறிக்கையை முடிக்க உட்கார்ந்தால் ஒரே வரியை நாலு முறை படிக்கிறேன், பதிவதே இல்லை. ஆசையாகச் செய்த வேலையைத் தொடவே பிடிக்கவில்லை. இது சோம்பலா, மறதி நோயின் ஆரம்பமா?

மருத்துவர் பதில்: சோம்பேறியாக இருந்தால் இந்தக் கேள்வியை எழுதி அனுப்பியிருக்க மாட்டீர்கள். மறதி நோய் உங்கள் வயதில் மிக அபூர்வம்.

நெற்றிக்கு நேர் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் கவனத்தை ஓரிடத்தில் பிடித்து வைக்கிறது. படித்த வரியின் முதல் பாதியை, மறு பாதி வரும்வரை நினைவில் தாங்கி நிற்பதும் அதுவே. இந்தப் பகுதி வேலை செய்ய நார்அட்ரினலின், டோபமைன் என்ற இரண்டு மூளை ரசாயனங்களும் அளவாகச் சுரக்க வேண்டும். குறைந்தால் தூக்கக் கலக்கம். நெருக்கடியில் அளவு மீறினாலோ, அங்குள்ள நரம்பு இணைப்புகள் தற்காலிகமாகத் தளர்ந்துவிடும். பொறுப்பு, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் கைக்கும் பழைய பழக்கங்களின் கைக்கும் போய்விடும். பாம்பைக் கண்டால் துள்ளி ஓட இது அருமையான ஏற்பாடு. அறிக்கை எழுத உதவாது. கைபேசியை எடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கக்கூட இல்லை, ஆனால் அது கையில் இருக்கிறது, இல்லையா? அந்தப் பழக்கம்தான்.

ஆர்வம் வடிவதற்கும் இதில் பங்கு உண்டு. ஒரு வேலைக்கு எவ்வளவு உழைப்பு, அதனால் என்ன பலன் என்று மூளை ஓயாமல் கணக்குப் போடுகிறது. நாள்கணக்கில் மன அழுத்தம் நீடித்தால் உழைப்பு மலையாகவும் பலன் கடுகாகவும் தெரியும். அப்புறம் நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். அதையும் மூளை இன்னொரு ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

இது திரும்பக்கூடியது. பெரிய தேர்வுக்குப் படித்துக் களைத்த மருத்துவ மாணவர்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2009-இல் வெளியானது. அழுத்தத்தில் இருந்தபோது கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தடுமாறியவர்கள், ஒரு மாத ஓய்வுக்குப் பின் மற்றவர்களைப் போலவே ஆகிவிட்டார்கள்.

உங்களுக்கு ஒரு மாத விடுப்பு எங்கே கிடைக்கும்! சரி, முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்; 7 மணி நேரத்துக்குக் குறைந்தால் வேறு எதுவும் பெரிதாகப் பலிக்காது. மனதில் சுழல்வதையெல்லாம் ஒரு தாளில் கொட்டிவிடுங்கள். மூளை ஒரு நேரத்தில் நாலைந்து விஷயங்களைத்தான் தாங்கும், அதில் ஒரு பங்கைக் கவலை பிடித்துக்கொள்கிறது. பிறகு 'அறிக்கையை முடிக்கணும்' என்று உட்காராமல், 'முதல் பத்தியை மட்டும்' என்று 15 நிமிடம் உட்காருங்கள். மாட்டிக்கொண்டால் எழுந்து வேகமாக நடந்துவிட்டு வாருங்கள். காபியைக் கூட்டாதீர்கள், ஏற்கெனவே எகிறிய நார்அட்ரினலினுக்கு அது தூபம் போடும்.

ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகளையும் செய்துகொள்வது நல்லது. இந்தக் குறைபாடுகளும் இதே மாதிரிதான் காட்டும். எதிலுமே நாட்டமில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே பாருங்கள். திடீரென்று பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் பலமிழந்தாலோ அதை அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடாமல், உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.