தெரிந்ததைக் கேட்டால் பேச்சு வளராது

கேள்வி: நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழி. யூடியூபில் ஆங்கில வகுப்புகள் பார்க்கிறேன், சொல்வது நன்றாகப் புரிகிறது, ஆனால் வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் வருவதில்லை. அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ. ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்துப் பழகுங்கள் என்று எங்கள் மேடம் சொன்னதால் தோழிகள் ஐந்து பேர் ஆரம்பித்தோம். பெயர், ஊர், அப்பா வேலை, ஹாபி எல்லாம் கேட்டு முடித்ததும் பேச ஒன்றும் இல்லை. சிரித்துவிட்டுத் தமிழுக்குப் போய்விடுகிறோம். எல்லோரும் தப்பாகப் பேசும்போது ஒருத்தி தப்பு இன்னொருத்திக்கு ஒட்டிக்கொள்ளாதா? பணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிடலாமா?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மேடம் காட்டிய வழி நல்ல வழி. அது பாதியில் நின்றதற்கு உங்கள் ஆங்கிலத்தைக் குறை சொல்லாதீர்கள், கேள்விகளை மாற்றுங்கள். இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்காருகிற தோழியிடம் ‘வாட் இஸ் யுவர் நேம்?’ என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத, தெரிந்துகொள்ள ஆசையிருக்கிற ஒன்றைக் கேளுங்கள்.

உங்கள் பக்கம் மல்லிகை அதிகம். ஐந்து பேரில் ஒருத்தியாவது விடியுமுன் பூப்பறித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவளாக இருப்பாள். ‘வாட் டைம் டூ யூ கெட் அப்?’ என்று அவளிடம் ஆரம்பியுங்கள். ‘ஃபோர் ஓ கிளாக்’ என்பாள். ‘ஒய் ஸோ எர்லி?’ ‘டு பிக் ஜாஸ்மின்.’ இதோடு விட்டுவிடாமல் ‘ஒய் டோன்ட் யூ பிக் இட் ஆஃப்டர் சன்ரைஸ்?’ என்று கேளுங்கள். இப்போது ஒரு வார்த்தையில் தப்பிக்க முடியாது. மொட்டுக்கு ஆங்கிலச் சொல் நினைவுக்கு வராவிட்டாலும், ‘லேட்டர் இட் ஓபன்ஸ், பையர்ஸ் வான்ட் இட் குளோஸ்ட்’ என்று எப்படியோ சுற்றிவளைத்துச் சொல்வாள். சொல்லட்டும், காத்திருங்கள். அப்புறம் விலையை யார் வைக்கிறார்கள், கமிஷன் எவ்வளவு, மழை பெய்தால் என்ன ஆகும் என்று போய்க்கொண்டே இருக்கலாம். பி.காம். மாணவிகளுக்கு இதைவிட நல்ல பேச்சு எங்கே கிடைக்கும்! ஒரு பதில் வந்தால் அதற்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை எடுக்க வேண்டும். அது ஒன்றுதான் விதி.

இதில் கேள்வி கேட்கிறவளுக்குத்தான் பயிற்சி அதிகம் என்பது என் உறுதியான கருத்து. பன்னிரண்டு வருஷப் பள்ளியில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டதெல்லாம் டீச்சர்கள்தான். நீங்கள் எல்லோரும் பதில் மட்டுமே சொன்னீர்கள், அதுவும் மனப்பாடம் செய்த பதில். தமிழில் ‘நீ எங்கே போனே?’ என்று ‘எங்கே’யைச் சேர்த்தால் கேள்வி ஆகிவிடும். ஆங்கிலத்தில் ‘டிட்’டை முன்னால் கொண்டுவர வேண்டும், ‘வென்ட்’ மறுபடி ‘கோ’ ஆக வேண்டும். ‘வேர் யூ வென்ட்?’, ‘டிட் யூ வென்ட்?’ என்று நம் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இலக்கணப் புத்தகத்தில் படித்தது நாக்குக்குப் பழக வேண்டுமானால் தினமும் இருபது கேள்வியாவது நீங்களே கேட்டாக வேண்டும்.

ஐந்து பேர் என்பது ரொம்ப நல்ல எண்ணிக்கை. ஒருத்தி கேட்கிறாள், ஒருத்தி சொல்கிறாள், மிச்சம் மூன்று பேர். பேட்டி முடிந்ததும் கேட்டவள், தான் தெரிந்துகொண்டதை அந்த மூவரிடமும் தனித்தனியே சொல்ல வேண்டும். முதல் தோழியிடம் 4 நிமிஷம், அடுத்தவளிடம் அதே கதை 3 நிமிஷம், மூன்றாமவளிடம் 2 நிமிஷம். மொழி ஆசிரியர்கள் 1980களிலிருந்தே பயன்படுத்தும் முறை இது. ஒரே விஷயத்தை மூன்றாம் முறை சொல்லும்போது யோசித்து நிற்பது குறைந்து வாக்கியம் தானாக வரும். நான்கு நிமிஷம் அதிகம் என்றால் பாதி நேரத்தோடு ஆரம்பியுங்கள். ‘ஐ’ என்று அவள் சொன்னதை ‘ஷி’ என்று மாற்றிச் சொல்வதால் ‘ஷி கெட்ஸ் அப்’ என்கிற ‘ஸ்’ஸும் பழகிவிடும்.

தப்பு ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டிருந்தீர்கள். உடன் பேசுகிறவரின் தவறை மாணவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வது குறைவு என்று, இப்படிப்பட்ட பேச்சுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் பயம் வேண்டாம். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போது திருத்தாதீர்கள், ஓட்டம் நின்றுவிடும். போனில் பதிவுசெய்து, பிறகு கேட்டுப்பாருங்கள். பாதிப் பிழையை நீங்களே பிடித்துவிடுவீர்கள். சந்தேகமான இரண்டு மூன்று வாக்கியங்களை எழுதிக்கொண்டு போய் மேடத்திடம் கேளுங்கள்.

கேட்டால் புரிகிறது, பேச வரவில்லை என்பதும் உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு வழியிலேயே படிக்கும் பள்ளிகள் உண்டு. வருஷக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டு, படித்து, நன்றாகப் புரிந்துகொண்ட அந்தப் பிள்ளைகளும் பேச்சில் பின்தங்கியே இருந்தார்கள். கேட்பது மட்டும் போதாது, தானே வாக்கியம் அமைத்துச் சொல்லவும் வேண்டும் என்று மெரில் ஸ்வெய்ன் என்கிற மொழியியல் பேராசிரியர் 1985ல் இதை வைத்துத்தான் வாதிட்டார். யூடியூப் பாருங்கள், ஆனால் பார்க்கிற நேரத்துக்கு ஈடாகப் பேசவும் செய்யுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எழுதவில்லை, ஆனால் நிச்சயம் நடந்திருக்கும். ‘பீட்டர் விடுறாளுங்க’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எத்தனையோ நல்ல பிள்ளைகளின் வாயை இந்த ஒரு பேச்சு அடைத்திருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு ஆள் நடமாட்டம் இல்லாத வகுப்பறையாகப் பார்த்து உட்காருங்கள். உங்களுக்குள் ஒருத்தி திணறினால் மற்றவர்கள் சிரிப்பதில்லை என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச் சொல்லையே போட்டு வாக்கியத்தை ஆங்கிலத்தில் முடியுங்கள், தப்பே இல்லை.

இன்டர்வியூவில் ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்பதற்கு எல்லோரும் ஒரு பத்தி மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். எதிரில் இருப்பவர் அந்தப் பத்தியிலிருந்தே ஒரு குறுக்குக் கேள்வி கேட்டால் திணறிவிடுகிறார்கள். உங்கள் ஐவருக்கும் குறுக்குக் கேள்விதான் தினசரிப் பழக்கமாக இருக்கும்.

பணம் கட்டும் வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். ஐம்பது பேர் உட்காரும் வகுப்பில் உங்களுக்குப் பேசக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிஷம்தான். இந்த செமஸ்டர் முடியும்வரை, வாரம் நான்கு நாள், அரை மணி நேரம் இப்படிப் பேசிப்பாருங்கள். முதல் நாள் பதிவை அழிக்காமல் வைத்து, கடைசி நாள் பதிவோடு போட்டுக் கேளுங்கள். அதற்குப் பிறகும் வகுப்பு தேவை என்று தோன்றினால், பத்துப் பேருக்கு மேல் சேர்க்காத இடமாகப் பார்த்துச் சேருங்கள்.